குடியுரிமைக் கல்வி உங்கள் கைக்கு வந்தால்: மட்டக்களப்பு, அம்பாறையின் புதிய ஆசிரியர்களுக்கு

நியமனக் கடிதத்தோடு முதல் நாள் அதிபரின் அறைக்குள் போன பலருக்கு இது நடந்திருக்கும். உங்கள் சொந்தப் பாடம் தமிழாகவோ புவியியலாகவோ இருக்கும். நேரசூசியைப் பார்த்தால் தரம் 7, 8 வகுப்புகளில் குடியுரிமைக் கல்விக்கு நேரே உங்கள் பெயர் விழுந்திருக்கும். "அது லேசான பாடம், புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் போதும்" என்று பக்கத்து மேசைக்காரர் ஆறுதல் சொல்வார். இரண்டு கிழமை கழித்து மாணவர் பாராளுமன்றப் பொறுப்பும் உங்களிடமே வந்து சேரும்.

நான் இந்தப் பாடத்தை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும், பிறகு அம்பாறைக் கரையோரத்திலுமாக 17 வருடம் எடுத்திருக்கிறேன். தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். தரம் 10க்குப் போனதும் இது விருப்பப் பாடமாகிவிடும், பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுப்பவர்கள் கலைப்பிரிவில் ஒரு பகுதியினர்தான். ஆகவே நம்முடைய பிள்ளைகளில் பலருக்கு அரசு, வாக்கு, உரிமை பற்றி ஒருவர் முறையாகப் பேசுவது இந்த நான்கு வருடங்களில் மட்டும்தான். அந்த ஒருவர் நீங்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் கிழமை: புத்தகத்தை மூடி வையுங்கள்

முதல் நாள் கரும்பலகையில் ‘குடியுரிமை’ என்று எழுதினேன். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "டீச்சர், இது நம்மட குடிக்கு இருக்கிற உரிமையா?"

வகுப்பு சிரித்தது. அவன் கேட்டது சரியான கேள்வி. மட்டக்களப்பில் குடி என்றால் தாய்வழியாக வரும் வமிசம். எந்தக் கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் எந்தக் குடியிலிருந்து வருவார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தெரிந்த விடயம். முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு, பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர் உண்டு. வயல் செய்யும் வீடென்றால் வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை யார், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதும் காதில் விழுந்திருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை எந்தத் திகதியில் திறப்பது என்பது கூட்டம் போட்டுப் பேசி எடுக்கும் முடிவு என்று தரம் 7 பிள்ளைக்குத் தெரியும். அது அரசியல் என்று மட்டும் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அங்கிருந்து தொடங்குங்கள். வீட்டில் கேட்டு எழுதிவர மூன்று கேள்விகள் கொடுங்கள்: உங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான ஒரு முடிவை யார் எடுக்கிறார்கள்? அவர்களை யார் தெரிவு செய்கிறார்கள்? அந்தக் கூட்டத்தில் யாருக்குப் பேச இடமில்லை? மூன்றாவது கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. குடி தாய்வழியாக வருகிறது, ஆனால் வண்ணக்கராக இருப்பவர் ஆண். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தானாகவே கண்டுபிடித்து எழுந்து கேட்டாள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஏன் ஒதுக்கினார்கள் என்று அடுத்த பாடத்தில் நான் விளக்க வேண்டியே வரவில்லை.

ஒரு கவனம்: கோயிலையோ பள்ளிவாசலையோ குறை சொல்வதற்கான பயிற்சியாக இது மாறக் கூடாது. யார், எப்படி, யார் இல்லை, அவ்வளவுதான். மீதியைப் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

இரண்டாவது: ஒரு றோட்டைப் பிடித்துக்கொண்டு அரசைப் படிப்பித்தல்

பாடப்புத்தகத்தில் மத்திய அரசு, மாகாண சபை, உள்ளூராட்சி என்று மூன்று பெட்டி போட்டிருக்கும். பாடமாக்குவார்கள், பரீட்சைக்கு எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். நான் றோட்டால் போவேன். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். கல்முனை, களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளையென்றால் எப்படியும் ஏ4 வீதியைத் தொட்டுத்தான் வருவார். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்பு வரை வரும் அந்த வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம், அதாவது மத்திய அரசு. அதிலிருந்து உள்ளே திரும்பும் சில வீதிகள் மாகாணத்துக்குரியவை. வீட்டு வாசலுக்குப் போகும் ஒழுங்கை பிரதேச சபைக்கோ, நகர சபைக்கோ, மாநகர சபைக்கோ உரியது.

இப்போது கேளுங்கள்: உங்கள் ஒழுங்கையில் மின்விளக்கு எரியவில்லை, யாரிடம் போவீர்கள்? "எம்.பி.யிடம்" என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பதிலைத் திருத்துவதுதான் இந்த வருடத்தின் பெரிய வேலை. தெருவிளக்கு, குப்பை, உள்வீதி, வடிகான், சந்தை, பொது நூலகம் ஆகியவற்றுக்குத் சபையின் தவிசாளரும் (மாநகர சபையென்றால் முதல்வரும்) வட்டார உறுப்பினரும் பொறுப்பு. 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தங்கள் வட்டாரத்தில் தெரிவானவர் யார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் பெரியவர்களுக்கும் தெரியாது. பிள்ளை கேட்டதால் அன்றைக்குத் தேடித் தெரிந்துகொள்வார்கள்.

எண்களையும் சொல்லுங்கள், ஆனால் ஊரோடு சேர்த்து. பாராளுமன்றத்தில் 225 பேர். அதில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 5 பேர், அம்பாறையிலிருந்து 7 பேர். தேர்தல் முடிவைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பிள்ளை அம்பாறையைக் காணாமல் குழம்பும். அங்கே அது திகாமடுல்ல தேர்தல் மாவட்டம். அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என்று நான்கு தொகுதி. மட்டக்களப்பில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று.

மாகாண சபைக்கு வரும்போது பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கிழக்கு மாகாண சபைக்கு 37 உறுப்பினர்கள். 2012இல் தெரிவான சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. உங்கள் பாடசாலை மத்திய அரசின் தேசிய பாடசாலையாக இல்லாவிட்டால் அது மாகாணத்தின் பாடசாலை. அப்படியென்றால் நமது பாடசாலையைப் பற்றிப் பேசவேண்டிய சபை கூடவில்லை. இதைக் கேட்ட ஒரு வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நீங்கள் விளக்கத்தால் நிரப்ப வேண்டாம்.

மூன்றாவது: வாக்கை எண்ணிப் பார்க்க வையுங்கள்

நம்முடைய வகுப்பறைகள்தான் தேர்தல் நாளில் வாக்கெடுப்பு நிலையங்கள். நம்மில் பலர் தேர்தல் கடமைக்குப் போனவர்கள். அந்த அனுபவத்தை வகுப்புக்குள் கொண்டுவர மறந்துவிடுகிறோம். வாக்குப்பெட்டியைக் காலையில் முகவர்களுக்குத் திறந்து காட்டி வெறுமை என்று உறுதிப்படுத்துவது, மறைப்புக்குப் பின்னால் புள்ளடி போடுவது, விரலில் மை பூசுவது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுங்கள்.

கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தெரிவு செய்வதை வைத்து நான் விருப்பு வாக்கைப் படிப்பித்தேன். 32 பிள்ளைகள். பாசிக்குடா, அறுகம்பை, ஒலுவில் வெளிச்சவீடு என்று மூன்று இடம். ஒவ்வொருவரும் 1, 2, 3 என்று விருப்பம் குறிக்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் பாசிக்குடா 13, அறுகம்பை 11, ஒலுவில் 8. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. ஜனாதிபதித் தேர்தல் விதிப்படி முதல் இரண்டு மட்டும் நிற்கும், ஒலுவிலின் 8 சீட்டுகளில் இரண்டாவது விருப்பத்தைப் பார்க்க வேண்டும். 6 அறுகம்பைக்கு, 1 பாசிக்குடாவுக்கு. ஒரு சீட்டில் இரண்டாவது விருப்பமே குறிக்கவில்லை. அறுகம்பை 17, பாசிக்குடா 14. முன்னால் நின்ற பாசிக்குடா தோற்றது!

அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "இது அநியாயம்" என்று ஒரு பக்கம், "ஆனா நம்ம கனபேர் விரும்பின இடம் இதுதானே" என்று மறுபக்கம். 2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில்தான் இலங்கையில் முதல் முறையாக இப்படி இரண்டாவது எண்ணிக்கைக்குப் போனார்கள். அந்த விதி 13 வயதுப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏன் செல்லாது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பூ வரைந்த சீட்டு, பெயர் எழுதிய சீட்டு, இரண்டு முறை ‘1’ போட்ட சீட்டு. இது அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை.

நான்காவது: மாணவர் பாராளுமன்றம்

இதில் நான் செய்த பிழையை முதலில் சொல்கிறேன். அது வேறொரு பாடசாலையில், என் ஆரம்ப வருடங்களில். வாக்களிப்பு நன்றாக நடந்தது. அன்று பின்னேரம் அதிபரும் நானும் இருந்து பட்டியலைப் பார்த்தோம். வகுப்பில் குழப்படி செய்யும் இரண்டு மூன்று பேர் வென்றிருந்தார்கள். "இவர்களை வைத்துக்கொண்டு வலயக் கல்விப் பணிப்பாளர் முன்னால் எப்படி அமர்வு நடத்துவது?" என்று யோசித்தோம். பெயர்களை மாற்றினோம். புள்ளி கூடின பிள்ளைகளைப் போட்டோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் அறிவித்தோம், எல்லோரும் கைதட்டினார்கள்.

இடைவேளையில் தரம் 8 பிள்ளை ஒன்று என்னிடம் வந்தது. "டீச்சர், நாங்க போட்ட வோட்டு எங்க போயிட்டு?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த வருடம் நடந்த அமர்வுகள் எல்லாம் ஒப்புவித்தல் போட்டி மாதிரிதான் நடந்தன. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்கள் வாக்கைப் பற்றிச் சலித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், அந்தச் சலிப்பை 13 வயதில் நானே ஊட்டினேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே அதிபரிடம் உட்கார்ந்து பேசுங்கள்: முடிவு எதுவானாலும் மாற்றுவதில்லை. இதற்கு அவர் உடன்படாவிட்டால் அந்த வருடம் தேர்தல் நடத்தாமல் விடுவது நல்லது. அமைப்பு விதிகளுக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை அலுவலகக் கோப்பில் தேடி எடுத்து, முழுவதையும் வாசியுங்கள். பழைய ஆசிரியர்கள் நினைவிலிருந்து சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

செய்முறையில் சில விடயங்கள். சின்னங்களில் கவனம் வேண்டும். வீடு, மரம், படகு, சைக்கிள், திசைகாட்டி எல்லாம் கட்சிச் சின்னங்கள். பிள்ளைகள் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். நண்டு, கச்சான், குடை என்று வேறு கொடுங்கள். வேட்பாளர் இனிப்பு வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பிள்ளைகளிடமே விதி எழுதுவியுங்கள், ஏனென்றால் கட்டாயம் ஒருவர் வாங்கிக் கொடுப்பார். மாணவத் தலைவர்களுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்ள எல்லையை எழுத்தில் வையுங்கள். மாணவத் தலைவர்களை ஆசிரியர்கள் நியமிக்கிறார்கள், ஒழுங்கைப் பார்ப்பது அவர்கள் வேலை. பாராளுமன்றத்தைப் பிள்ளைகள் தெரிவு செய்கிறார்கள், கேள்வி கேட்பது அவர்கள் வேலை. இது தெளிவில்லாவிட்டால் இரண்டாம் தவணைக்குள் சண்டை வரும்.

சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள், படைக்கலச் சேவிதர் என்று உடுத்திப் படம் எடுப்பதில் பிள்ளைகளுக்கு ஆசை. எடுக்கட்டும், அந்த மகிழ்ச்சி அவர்களுக்கு உரியது. ஆனால் அமர்வின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு கொப்பி வாங்குங்கள். இடது பக்கம் பிள்ளைகளின் கேள்வி, வலது பக்கம் அதிபரின் பதில், அதிபரின் கையெழுத்தோடும் திகதியோடும். ‘கச்சான் காற்றுக் காலத்தில் தரம் 9பி வகுப்பில் இருக்க முடியவில்லை, மின்விசிறி எப்போது?’ ‘பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக் கதவில் கொண்டி இல்லை.’ பதில் ‘இந்த வருடம் காசு இல்லை’ என்றாலும் பரவாயில்லை, அது எழுத்தில் இருக்க வேண்டும். கொண்டி போட 300 ரூபாய்கூட ஆகாது என்று கணக்குப் பார்த்துத் திரும்பக் கேட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கொண்டி மறுகிழமை போடப்பட்டது.

வருடத்தில் ஒரு முடிவையாவது முழுமையாகப் பிள்ளைகளிடம் விடுங்கள். எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டிக்கு மிஞ்சிய காசை எதற்குச் செலவிடுவது என்பது அப்படிப்பட்ட முடிவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் பாராளுமன்றப் பிரதமர் வந்து கணக்கு வாசித்தார், அதே கூட்டத்தில் பெரியவர்களின் கணக்கு அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை என்பதைப் பலரும் கவனித்தார்கள்.

சூடான விடயங்கள் வரும்போது

மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பிரச்சினை, கல்முனை வடக்குப் பிரதேச செயலக இழுபறி, காணாமல் ஆக்கப்பட்டோர், 1990இன் படுகொலைகள். நீங்கள் எடுக்காவிட்டாலும் இவை வகுப்புக்குள் வரும். அந்த வீட்டிலிருந்துதான் பிள்ளை வருகிறது. "அரசியல் கதைக்க வேண்டாம், பாடத்தைப் பாருங்கள்" என்று மூடிவிட்டால் பிள்ளை அதே விடயத்தை வட்சப்பிலும் டிக்டொக்கிலும் போய்க் கேட்கும்.

என் வழக்கம் இதுதான். முதலில் ‘எனக்கு நடந்தது’, ‘என் வீட்டில் சொன்னது’, ‘நான் செய்தியில் பார்த்தது’ மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழக்குவேன். அடுத்து, மறுபக்கத்துப் பிள்ளை இந்த அறையில் இருந்தால் என்ன சொல்லும் என்று ஒருவரைச் சொல்லச் சொல்வேன். நம்முடைய பாடசாலைகள் பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று தனித்தனி. ஒரே வீதியில் இரண்டு கிலோமீற்றருக்குள் இருந்தாலும் பிள்ளைகள் சந்திப்பதில்லை. வருடத்தில் ஒரு அமர்வைப் பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சேர்ந்து நடத்துங்கள். தலைப்பு பொதுவாக இருக்கட்டும்: வெள்ளம், குப்பை, கடலரிப்பு, பஸ். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் வெள்ளம் ஒரே நாளில்தான் வரும். யாராவது ஒரு பிள்ளை இழப்பைச் சொல்லி அழுதால் விவாதத்தை நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். வாக்கு இரகசியம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. தேர்தல் அறிவித்த பிறகு பரிசளிப்பு விழாவுக்கு வேட்பாளரை அழைப்போம் என்று யாராவது சொன்னால், பாடசாலை பிரசாரத்துக்குரிய இடமில்லை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

15 வயதும் 18 வயதும்

தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண தரப் பிள்ளைகளின் விண்ணப்பம் அதிபர் ஊடாகப் போகும். அந்த நாளைப் பாடமாக்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது, தமிழில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பிள்ளையே பார்க்கட்டும். கடைசி நேரத்தில் பெயர் திருத்தத்துக்கு அலையும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு வாக்காளர் இடாப்பு. அதில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம், எங்கள் கிழவிகள் சொல்லும் விதானையாரிடம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெப்ரவரி 1க்குப் பின் 18 வயது நிரம்புபவர்களைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்கவும் வழி உண்டு. கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போகும் பிள்ளைகள்தான் அதிகம் விடுபட்டுப் போகிறார்கள்.

அதே வகுப்புக்கு ஒரு தகவல் விண்ணப்பமும் எழுதப் பழக்குங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பெற்றோர் ஒருவரின் பெயரில் பிரதேச சபைக்கு எழுதினோம்: எங்கள் வட்டாரத்துத் தெருவிளக்குகளுக்குப் போன வருடம் எவ்வளவு செலவு? கடிதம் தமிழில் போக வேண்டும், பதிலும் தமிழில் வர வேண்டும், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பதில் வரும் நாள் வரை பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மார்கழி விடுமுறைக்கு முன் கேள்விக் கொப்பியை அடுத்த வருடப் பாராளுமன்றத்தின் கையில் கொடுங்கள். பதில் வராத கேள்விகளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டுக் கொடுங்கள். புதிய சபையின் முதல் அமர்வில் அந்த வட்டங்களிலிருந்து ஆரம்பிக்கலாம்.